ஆயுட்கால வாரண்டி

இதுங்களா? கத்தி. அட, அதுக்கு எதுக்கு அப்படி ஒதுங்கறீங்க, மடக்குக் கத்திதான். பெட்டிக்குள்ள மடங்கிப் படுத்திருக்குது, தானா எந்திரிச்சு வந்து ஒண்ணும் பண்ணிடாது. இதுக்கு முந்தி ஒண்ணு இருந்துது பாருங்க, அது வேணும்னா பண்ணும்.

இது கடையில வாங்குனதில்ல. சண்டை போட்டு வாங்குனது. ஒரு கம்பெனியவே எறங்கி வர வச்சு வாங்குனது. கம்பெனி பேரு சொல்லமாட்டேன், சொன்னா அதுக்கொரு வக்கீல் நோட்டீஸ் விடுவானுங்க. பெரிய கம்பெனி, அவ்வளவுதான்.

நீங்க கோபி வரைக்குமா? அப்பச் சரி. திருப்பூர்ல ஏறுனதுல இருந்து யாருகிட்டயாவது சொல்லணும்னு நெஞ்சு அடிச்சுக்குது. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எம் பேரு சென்னியப்பன். கவர்மெண்ட் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். அந்தா, கண்டக்டர் பாருங்க, இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கறான். புதுசா வேலைக்கு வந்தப்ப அவன்மேல ரிப்போர்ட் எழுதியிருக்கேன். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். கிழவின்னு பாக்கமாட்டேன், புள்ளத்தாச்சின்னு பாக்கமாட்டேன். தப்புன்னா தப்பு. அதுக்குத்தான் சம்பளம் வாங்குனேன்.

ரிடையர் ஆனப்பறம் தோட்டத்தோட இருந்துக்கிட்டேன். கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை. கயிறு வெட்ட, எலை அறுக்க, தண்ணிக் குழாய் நறுக்க, எப்பவும் இடுப்புல ஒரு கத்தி வேணுமில்லீங்களா. கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடையில போயி நல்லதா ஒண்ணு கேட்டேன். கடைக்காரன் கண்ணாடிப் பெட்டியத் தொறந்து, துணியில வச்சு, மாப்பிள்ளைக்கு மோதிரம் போடறவனாட்டம் எடுத்துக் குடுத்தான். "ஆயுட்கால வாரண்டி சார். உங்க பேரன் காலத்துக்கும் வரும்"னான். பெட்டி மேலயும் அச்சடிச்சிருந்துது. அச்சடிச்சதை நம்பறவன் நானு.

அதுல ஒரு பூட்டு இருக்குதுங்க. கத்தியை விரிச்சா உள்ள ஒரு மெல்லிசான தகடு பக்கத்துல இருந்து வந்து, கத்தியோட அடியில முட்டுக் குடுத்துக்கும். டக்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தத் தகட்டை நீங்களா விரல்ல தள்ளுனாத்தான் கத்தி மடங்கும். அதுதான் பூட்டு. அந்தத் தகடு நின்னாத்தான் அது கத்தி. நிக்கலைன்னா எலிப்பொறி.

எனக்கு வந்தது எலிப்பொறி.

வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. வாழைத்தார் அறுத்துட்டிருக்கேன், கத்தி அதும்பாட்டுக்கு மடங்கி வந்து எம் பெருவிரல் நகத்தை உரசிட்டுப் போச்சு. நகம் இருந்ததால விரல் தப்புச்சு. அன்னைக்கே போன் போட்டேன். ஒரு புள்ள எடுத்துது.

"உங்க ப்ராடக்ட் இப்ப எந்தக் கண்டிஷன்ல இருக்குங்க சார்?"

"அது நல்லாத்தான் இருக்குது. நான்தான் சாகப் பாத்தேன்"னேன்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

பாருங்க, அதுக்குள்ள வருந்திட்டாங்க. சரின்னு கூரியர்ல அனுப்புனேன். திரும்பி வந்துது. தொடச்சு, எண்ணெய் போட்டு, பளபளன்னு. கூடவே ஒரு சீட்டு, குறை எதுவும் காணப்படவில்லைன்னு. காணப்படலையாம். எம் பெருவிரலைப் பாத்திருந்தா காணப்பட்டிருக்கும்.

நான் சும்மா இருப்பனா? நானே திருகாணியைக் கழட்டி, அந்தத் தகட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கமா வளைச்சு விட்டேன். நல்லா முட்டுக் குடுக்கட்டும்னுதான். அதுக்கப்புறம் இன்னும் மோசமா நழுவ ஆரம்பிச்சிடுச்சு. அதுவும் அவங்க தப்புதானுங்களே. மொதல்லயே ஒழுங்காப் பண்ணியிருந்தா நான் எதுக்குக் கழட்டறேன்?

மறுபடி அனுப்புனேன். இந்தத் தடவை என்ன எழுதுனானுங்க தெரியுமா? வாடிக்கையாளர் தானே பிரித்துள்ளார், ஆகவே வாரண்டி செல்லாதுன்னு. போன் போட்டேன். அதே புள்ளைதான்.

"ஆயுட்கால வாரண்டின்னீங்களே, அது யாரோட ஆயுளும்மா? என்னோடதா, கம்பெனியோடதா?"

"ப்ராடக்டோட ஆயுள் சார்."

"அப்ப ப்ராடக்ட் செத்துப்போனா வாரண்டியும் செத்துப்போகும், அப்படித்தானே?"

அந்தப் புள்ள எதையோ புரட்டற சத்தம் கேட்டுது. அப்பறம், "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்"னு ஆரம்பிச்சுது. வச்சிட்டேன்.

ஆனா கத்தியத் தூக்கிப் போடல. எதுக்குப் போடணும்? நல்ல இரும்பு. அதுக்கு ஒரு பிடி இருக்குதுங்க. பெருவிரலை இப்படி, தகட்டு மேல ஒட்ட வச்சு அழுத்திட்டே அறுக்கணும். முனையால குத்தக்கூடாது, இழுத்துத்தான் அறுக்கணும். அப்படிப் புடிச்சா நழுவாது. எனக்குப் பழகிடுச்சு. மாட்டுக்கு ஒரு குணம் இருக்கறாப்பல கத்திக்கும் ஒரு குணம்.

அப்படியிருக்கறப்பத்தான் ஆடி நோம்பிக்கு மகளும் மருமகனும் வந்தாங்க. மக மேகலா. திருப்பூர்ல குடுத்திருக்கேன். மருமகன் மோகன்ராஜு, செல்போன் ரிப்பேர்க் கடை வச்சிருந்தாரு. பொழைக்கத் தெரிஞ்ச ஆளுதான், ஆனா அதிகம் பேசமாட்டாரு. செல்போனைப் பிரிச்சு, பூதக்கண்ணாடி வச்சு, அதுக்குள்ள கடுகுல பாதியாட்டம் இருக்கறதையெல்லாம் ரெண்டு விரல்ல இடுக்கி புடிச்சு எடுத்து வைப்பாரு. தூரத்துல இருந்தெல்லாம் அவருகிட்டத் தேடி வருவாங்க. அது உண்மை, நான் இல்லைங்கல.

அன்னைக்குத் தோட்டத்துல தண்ணிக் குழாய் ஒரு எடத்துல வெடிச்சிருந்துது. அந்தத் துண்டை வெட்டிட்டு, புதுசுல ஓட்டை போட்டு இணைக்கணும். மாப்ள தானா வந்து, "குடுங்க மாமா, நான் பண்றேன்"னாரு. நான் இடுப்புல இருந்து கத்தியை எடுத்தேன். எஞ்சம்சாரம் ருக்குமணி களத்துல நின்னுட்டிருந்தவ, "ஏனுங்க, அந்தக் கத்தி வேண்டாம், இருங்க, அருவாமனை கொண்டாறேன்"னா. கேட்டுக்கங்க. குழாயில ஓட்டை போட அருவாமனையாம். பொம்பளைங்க புத்தி. நான் கத்தியைக் குடுத்துட்டேன்.

ஓட்டை போடறதுன்னா முனையால குத்தித்தானே ஆகணும். அவரு குத்துனாரு. தகடு நழுவிடுச்சு.

சுட்டுவிரல், வலது கை. சத்தம்கூடப் போடல அவரு. கையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே வரப்புல உக்காந்துட்டாரு. மேகலா ஓடி வந்தா. பக்கத்துத் தோட்டத்து வேலு ஆம்னி வேன் வச்சிருக்கான், அவன்தான் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனான். ருக்குமணியும் கூடப் போனா.

நான் போகல. நான் எப்படிப் போறது? கத்தி கீழ கெடக்குது, ரத்தத்தோட. அதுதானே சாட்சி. யாராவது கழுவிப் போட்டாங்கன்னா, அந்தக் கம்பெனிக்காரன் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னுடுவான். அப்படியே போட்டோ புடிச்சு, பிளாஸ்டிக் கவருல போட்டுக் கட்டி வச்சேன். அப்பறம் போன் போட்டேன். வேற புள்ள எடுத்துது. "இப்ப என்ன சொல்றீங்க? இப்பக் குறை காணப்படுதா?"ன்னேன். மனசுக்குள்ள ஒரு, எப்படிச் சொல்றது, ஒருத்தனைக் கையும் களவுமாப் புடிச்சா வருமில்லீங்களா, அது வந்துது.

விரல்ல தசைநார் அறுந்து போச்சுன்னு சொன்னாங்க. தையல் போட்டாங்க, ஆனா விரல் மடங்கலை. விறைச்சுப் போயி நீட்டிக்கிட்டே நிக்குது. எதையோ சுட்டிக் காட்டற மாதிரி. இன்னொரு ஆபரேஷன் பண்ணுனா மடங்கலாம்னு யாரோ சொன்னதா ஞாபகம். இடுக்கி புடிக்க முடியாததால கடையை மூடிட்டாரு. இப்ப வேற ஒருத்தர் கடையில நின்னு செல்போனுக்குக் கவர் விக்கறாரு. ருக்குமணி ஒத்தாசைக்குன்னு திருப்பூருக்கே போயிட்டா. பேரனுக்குச் சின்ன வயசு, அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக்கூட ஆள் வேணும். நான் தனியாத்தான் பொங்கித் தின்னுட்டிருக்கேன். அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலை. எஞ்சண்டை எனக்கு முக்கியம்.

மேகலா ஒரு நாள் போன் பண்ணுனா. ஆபரேஷன் செலவுக்கு அப்பா கொஞ்சம் ஏற்பாடு பண்ணித் தர முடியுமான்னு. நான் தெளிவாச் சொல்லிட்டேன். "கண்ணு, இது கம்பெனி குடுக்க வேண்டியது. நான் குடுத்தா, தப்பு எம்மேலன்னு ஆயிடும். பொறு, அவன் வாயாலயே ஒத்துக்க வைக்கறேன்." அவ சரிப்பான்னு வச்சிட்டா. அதுக்கப்பறம் அவளா போன் பண்ணல. நான் பண்ணுனாலும் அவங்கம்மாகிட்டக் குடுத்திருவா. எனக்கும் கோயமுத்தூருக்கு அலையவே நேரம் சரியா இருந்துது.

அங்க சர்வீஸ் சென்டர்ல மேனேஜர், ஜெரால்டுன்னு பேரு. வெள்ளைச் சட்டை, பேச்செல்லாம் தேன். நான் போறப்பவெல்லாம் டீ வாங்கிக் குடுப்பான். நான் குடிக்கமாட்டேன். ஆறட்டும்னு அவன் முன்னாடியே வச்சிருப்பேன். வர்ற கஸ்டமரையெல்லாம் கூப்பிட்டு, கவருல இருக்கற கத்தியைக் காட்டுவேன். "இது எம் மருமகன் ரத்தம்"னு சொல்லுவேன். ஒரு அம்மா வாங்க வந்ததை வச்சுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. ஜெரால்டு மூஞ்சி சுருங்குச்சு பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துது.

தீபாவளிக்கு முன்னாடி அவனே கூப்பிட்டான். தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருக்காங்க, பேசி முடிச்சுக்கலாம்னான். போனேன். கோட்டுப் போட்ட ஒருத்தன், ஜெரால்டு, நான். கோட்டுக்காரன் தமிழ்ல கொஞ்சம் தடுமாறுவான், அதனால ஜெரால்டுதான் பேசுனான்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பூட்டு நழுவுதுன்னு ரெண்டு தடவை நீங்களே எங்ககிட்டச் சொல்லியிருக்கீங்க. தெரிஞ்ச அப்பறம் அதை எதுக்கு இன்னொருத்தர் கையில குடுத்தீங்க?"

எப்படிக் கேள்வி பாத்தீங்களா. டிக்கெட் எடுக்காதவனைப் புடிச்சா, "நீ எதுக்கு சார் இந்த பஸ்ஸுல ஏறுனே?"ன்னு என்னையக் கேக்கறாப்பல. "அதைக் கேக்க நீ யாருடா?"ன்னேன். கோட்டுக்காரன் எதையோ இங்கிலீஷ்ல சொன்னான்.

ஜெரால்டு சொன்னான், "ஐயா, உங்க மருமகனோட கைக்கு அடுத்த ஆபரேஷன் ஆகற செலவு முழுக்க நாங்க பாத்துக்கறோம். எந்த ஆஸ்பத்திரின்னாலும் சரி. மனிதாபிமானத்துலதான். ஆனா பூட்டுல குறைன்னு மட்டும் நாங்க ஒத்துக்க முடியாது."

மனிதாபிமானம். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. தப்பை ஒத்துக்காத காசு என்ன காசு? பிச்சைக் காசு. எம் மருமகனுக்குப் பிச்சை போடறதுக்கு இவனுங்க யாரு? மேசையத் தட்டிச் சொன்னேன், "உங்க காசு எனக்கு வேண்டாம். புதுக் கத்தி குடு. வருத்தப்படறேன்னு எழுதிக் குடு. அதுதான் நியாயம்."

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. "அவ்வளவுதானுங்களா ஐயா?"ன்னான் ஜெரால்டு. "அவ்வளவேதான்"னேன். "மருமகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு இழுத்தான். "அவருக்கும் சேத்துத்தான் நான் பேசறேன்"னேன். பயந்துட்டானுங்க. உடனே ஒத்துக்கிட்டானுங்க. கோட்டுக்காரன் எந்திரிச்சு எங் கையைப் புடிச்சுக் குலுக்குனான். இனிமே வேற எதுவும் கேக்கமாட்டேன்னு நானும் மோகன்ராஜும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னாங்க. நான் அங்கயே போட்டேன். அவருக்கு வேலுகிட்டக் குடுத்தனுப்புனேன். ருக்குமணிகிட்டப் போன்ல சொன்னேன், மாமா எல்லாம் பாத்துக்குவாரு, கேள்வி கேக்காமப் போடச் சொல்லுன்னு. இடது கையில போட்டு அனுப்பியிருந்தாரு. கோழி கிளறுன மாதிரி.

புதுக் கத்தி வந்து சேரறதுக்கு மாசி ஆயிடுச்சு. வெளிநாட்டுல இருந்து வரணுமாம். போன வாரம் வந்துது. கூட அவங்க எழுதுன தாள். "தங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம்"னு இருக்குது. வருந்துகிறோம். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்குது.

இன்னைக்குக் காலையில அதைக் கொண்டுக்கிட்டுத்தான் திருப்பூர் போனேன். மாப்ளைக்கே குடுத்துடலாம்னு. அவரு கை போனதுக்கு அவருகிட்டத்தானே இது இருக்கணும். ஞாயித்துக்கிழமை, வீட்டுல இருந்தாரு. வாங்க மாமான்னு எந்திரிச்சாரு. மரியாதை எல்லாம் ஒரு கொறையும் வைக்கமாட்டாரு.

பெட்டியை அவரு முன்னாடி வச்சேன். "பாருங்க மாப்ள, கடைசியில பணிய வச்சுட்டேன்"னேன். அவரு இடது கையில எடுத்து விரிச்சாரு. டக்குன்னுது. முனையை மேசை ஓரத்துல வச்சு ஒரு அழுத்து அழுத்திப் பாத்தாரு. நிக்குது. மடக்கி வச்சாரு.

"இது நல்லா இருக்குது மாமா"ன்னாரு.

அப்பறம் தாளைப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. "இது மட்டும்தான் குடுத்தாங்களா? வேற எதும் பேசலையா?"ன்னு கேட்டாரு.

எனக்கு அப்பத்தான் அதைச் சொல்லணும்னு தோணுச்சு. பெருமையாத்தான் சொன்னேன். "ஏன் பேசல? உங்க ஆபரேஷன் செலவு முழுக்கத் தர்றோம்னு காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சுனானுங்க. மூஞ்சியில விட்டெறிஞ்சாப்பல வேண்டாம்னுட்டேன். ஒத்துக்கிட்டுக் குடுன்னுட்டேன்."

சமையல்கட்டுல பாத்திரம் கழுவற சத்தம் நின்னு போச்சு. மேகலா ஈரக் கையோட வாசப்படியில வந்து நின்னா.

"எப்ப மாமா அது?"ன்னாரு.

"தீபாவளிக்கு முன்னாடி."

அவரு அந்த நீட்டிக்கிட்டு நிக்கற விரலை இன்னொரு கையால மெதுவாத் தடவிக்கிட்டாரு. மேகலாதான் சொன்னா, சத்தமே இல்லாம, "தைக்குள்ள பண்ணிடணும்னு டாக்டர் சொன்னாருப்பா. அதுக்கு மேல போனா நார் சுருங்கிப்போயிடும், பண்ணியும் பிரயோஜனம் இல்லைன்னாரு. இப்ப மாசி."

"இதை எனக்கு யாரு சொன்னா?"ன்னேன். எனக்கும் கோவம் வருமில்லீங்களா. "எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ருக்குமணி பின்னாடி நின்னுட்டிருந்தா. "நான் சொன்னனுங்க. போன்ல ரெண்டு மூணு தடவை சொன்னேன். 'இரு, கோயமுத்தூர்க்காரன் லைன்ல வர்றான்'னு நீங்க வச்சுட்டீங்க"ன்னா.

இருக்கலாம். எனக்கு அன்னைக்கு ஆயிரம் டென்ஷன். அதை எழுதிக் காமிச்சிருக்கலாமில்ல? நேர்ல வந்து சொல்லியிருக்கலாமில்ல? ஆளாளுக்கு வாயை மூடிட்டு இருந்துட்டு, இப்பக் குத்தவாளியாட்டம் என்னையப் பாக்கறாங்க. அவங்களுக்காக நான் அலைஞ்ச அலைச்சல் என்ன, நான் ஆற விட்ட டீ எத்தனை.

அதுக்கப்பறம் மாப்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. என்னையப் பாக்காமத்தான் கேட்டாரு. "மாமா, அந்தப் பழைய கத்தி குத்துனா மடங்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா கம்பெனியோட சண்டை போட்டேன்? வாங்குன கொஞ்ச நாள்லயே தெரியும்"னேன்.

அவரு தலையாட்டுனாரு. பெட்டியை மூடி, எம் பக்கமாத் தள்ளி வச்சாரு. "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

சாப்பிட்டேன். எலையில எல்லாம் வச்சா மேகலா. சாம்பார், பொரியல், அப்பளம், ஒரு கொறையில்ல. நான் அப்பளம் நொறுக்கற சத்தமே எனக்குப் பெருசாக் கேக்குது, அவ்வளவு அமைதி. மருமகனுக்கு அவ சாதத்தைப் பெசஞ்சு, ஸ்பூன் போட்டு, உள்ள கொண்டுபோய்க் குடுத்தா.

அந்த டாக்டர் யாருன்னு கேட்டு வச்சிருக்கேன். திங்கக்கிழமை ஈரோட்டுக்குப் போறேன். தைக்குள்ளன்னு எதை வச்சுச் சொன்னான்? எழுத்துல குடுத்தானா? வீட்டுல பெரியவன் ஒருத்தன் இருக்கறப்ப, கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணலையா அவனுக்கு? விடறதில்லீங்க அவனை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ருக்குமணி வந்தா. நான் பஸ்ஸுல ஏறி, "வா, போலாம். எத்தனை நாளைக்கு இங்கயே இருப்பே? இவங்களுக்கெல்லாம் செஞ்சு என்ன கண்டோம்"னேன். அவ ஏறல. சன்னல் பக்கமா வந்து நின்னா.

"எஞ்சேலையெல்லாம் பீரோவுல இருக்குது. நீங்க கொண்டுக்கிட்டு வர வேண்டாம், வேலுகிட்டக் குடுத்தனுப்புங்க"ன்னா.

எந்தச் சேலைன்னு கேட்டேன்.

எல்லாத்தையும்னா.

அத்தனை சேலையை அவன் ஒருத்தன் எப்படிங்க தூக்கிட்டு வருவான், நீங்களே சொல்லுங்க.